சின்ன ரயிலில் போன கடிதம்

அந்தக் கடிதத்தை எழுதி முடிக்க இத்வாலுக்குப் பதினோரு நாள் பிடித்தது. மூன்றே தாள்தான். ஆனால் முப்பத்தோரு வருடம் ரயில்வே சிக்னல் கேபினில் உட்கார்ந்து, 'இரண்டு நாற்பத்திரண்டு, வண்டி கடந்தது' என்று மட்டும் ஏட்டில் எழுதிப் பழகிய கை அது. அதற்கு மேல் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பேனாவை வைத்துவிட்டுத் தேநீர்க் கோப்பையைத் தேடிப் போய்விடும்.

சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான். மென்னா செஸ்டருக்குப் போய்விடக் கூடாது.

கடலோரச் சிற்றூரான அபர்லாஸில் பாதிப் பேருக்கு ஜோன்ஸ் என்றும் மீதிப் பேருக்கு வில்லியம்ஸ் என்றும் குடும்பப் பெயர். அதனால் ஆளை அடையாளம் சொல்ல அவரவர் தொழிலோ பித்தோ பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இத்வால் ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் இன்றும் சிக்னல் இத்வால். மென்னா மருந்துக் கடையில் காலமெல்லாம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர். ஆனாலும் அவரை யாரும் மருந்து மென்னா என்று சொல்வதில்லை. ஸ்டாம்பு மென்னா. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஆறு வருடமாக வியாழக்கிழமை தோறும் இவர்கள் இருவரும் ஒன்றாகப் பஸ் ஏறி எங்காவது போய் வருவார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் மென்னா இத்வாலின் வீட்டுக்குப் பொம்மை ரயில் ஓட்ட வருவார்.

இப்போது செஸ்டரில் இருக்கும் மென்னாவின் அக்கா ஓல்வென், தன் வீட்டுக்கு அடுத்த வீட்டின் கீழ்த்தளம் காலியாகிறது என்று எழுதியிருந்தாள். மாடிப்படி கிடையாது. எதிரே பூங்கா. அக்டோபர் முடிவதற்குள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத் தாள் வந்து சேர்ந்தால் மென்னாவுக்குத்தான்.

இத்வால் எழுதியது இதைப் பற்றித்தான். கடைசித் தாளின் அடியில், வெகு நேரம் யோசித்து, இப்படி முடித்தார்: 'உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் பதில் எழுதிச் சங்கடப்பட வேண்டாம். வழக்கம்போல வியாழக்கிழமை பஸ்ஸுக்கு வாருங்கள். இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன். மறுபடி கேட்க மாட்டேன்.'

கடிதத்தைச் சாதாரணத் தபாலில் போட அவருக்கு மனம் வரவில்லை. வாங்கப் போவது ஸ்டாம்பு மென்னா. அதனால் சனிக்கிழமை காலை பஸ் பிடித்து மலைமேலே போனார், சின்ன ரயிலின் மேல் ஸ்டேஷனுக்கு.

சின்ன ரயில் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் மலையிலிருந்து கற்பலகை இறக்கிய ரயில். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே படுத்தால் இடம் சரியாக இருக்கும். அந்த ரயிலுக்குத் தபால் கொண்டுபோகும் உரிமை உண்டு. வழிமுறை இதுதான். கவரில் வழக்கமான தபால்தலையை வலது மூலையில் ஒட்ட வேண்டும். அது தபால் துறைக்கு. சின்ன ரயிலே அச்சடித்து விற்கும் இன்னொரு ஸ்டாம்பை இடது பக்கம் ஒட்ட வேண்டும். அது மலையிலிருந்து கீழே இறங்கும் கூலிக்கு. டிக்கெட் ஜன்னலில் கொடுத்தால் அந்த இடது ஸ்டாம்பின் மேல் ஸ்டேஷன் ரப்பர் முத்திரை விழும். பிறகு ரயில் கார்டு கவரைத் தன் தோல் பையில் போட்டுக்கொண்டு, நீராவி இன்ஜின் பின்னால் பெரணிச் செடிகளை உரசிக்கொண்டு, ஏழு மைல் இறங்குவார். கீழ் ஸ்டேஷனில் கவரைத் திருப்பி, ஒட்டிய மடிப்பின் மேலேயே வந்த நேரத்துக்கான முத்திரையைக் குத்துவார். அதன் பிறகுதான் கவர் தபால் துறையின் கைக்குப் போகும். ஆக, ஒரு கவரில் மூன்று முத்திரை. எல்லாம் கறையில்லாமல் விழுந்தால் ஸ்டாம்பு சேர்ப்பவர்களுக்கு அன்று பண்டிகை.

இத்வால் வருடா வருடம் இலையுதிர் காலத்தில் மென்னாவுக்கு இப்படி ஒரு கவர் அனுப்புவது வழக்கம். இந்த வருடம் அதற்குள் கடிதம் இருந்தது, அவ்வளவுதான். கார்டிடம் கவரைக் கொடுக்கும்போது, "பெட்டியில போடாதீங்க தம்பி, கவுண்டர்ல குடுத்து கையால முத்திரை வைக்கச் சொல்லுங்க," என்றார். மெஷினில் போனால் ஸ்டாம்பின் மேல் அலை அலையாகக் கோடு விழும். மென்னாவுக்கு அந்த அலைக் கோட்டைக் கண்டால் ஆகாது.

ரயில் வளைவில் மறைந்த பிறகும் புகை கொஞ்ச நேரம் மரங்களுக்கு நடுவே நின்றது. யாரோ ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போன பிறகு அது அறையில் நிற்பதுபோல. இத்வால் அது முழுவதும் கரையும்வரை பிளாட்பாரத்தில் இருந்தார்.

*

வியாழக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் மென்னா முன்பே வந்து நின்றிருந்தார். பச்சை மழைக்கோட்டு, தோளில் பை, பையில் பிளாஸ்க்.

பஸ்ஸை ஓட்டுபவள் டெலித். நாற்பது வயது. தன்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர்களையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏறுங்க கண்ணுங்களா. சிக்னல் இத்வால், வண்டிய எடுக்கலாமா? வழி காலியா இருக்கா?"

"முன்னால ஒரு டிராக்டர் போகுது. பாத்துப் போம்மா."

முதியோர் பாஸை மெஷினில் வைத்ததும் அது ஒரு முறை கூவியது. இருவரும் வழக்கமான இடத்தில், இடது பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். கடல் தெரியும் பக்கம். பஸ் ஊரை விட்டு வெளியே வந்து கழிமுகத்தின் ஓரமாகத் திரும்பியது. தண்ணீர் வடிந்து போயிருந்தது. ஈர மணலில் வானம் கிடந்தது. அதற்கு நடுவில் ஒரு கொக்கு, தனக்கு அங்கே என்ன வேலை என்று மறந்ததுபோல நின்றது.

மென்னா பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "உங்க கவர் நேத்து வந்துச்சு."

இத்வால் ஜன்னலையே பார்த்தார். "வந்துச்சா?"

"வந்துச்சு. என்ன சொல்றதுன்னே தெரியல, இத்வால். இவ்வளவு அழகா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

"அழகாவா?"

"பின்ன? வட்டம் முழுசா விழுந்திருக்கு. தேதி, நேரம், ஊர்ப்பேரு, ஒரு எழுத்து விடாம படிக்கலாம். மை எங்கயும் அப்பல. ஆல்பத்துல மொதல் பக்கத்துல வச்சுட்டேன். இனிமே அதுக்கு முன்னால எதுவும் வராது."

இத்வால் காத்திருந்தார். டிராக்டர் ஒரு வயலுக்குள் திரும்பியது. டெலித் கியர் மாற்றினாள். மென்னா பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"சீஸும் வெங்காயமும். ஒண்ணு எடுத்துக்கோங்க."

இத்வால் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வேறொருவராக இருந்தால் கேட்டிருப்பார். ஆனால் இத்வாலின் உலகத்தில் பேசாமல் இருப்பது என்பது மிகவும் தெளிவான பேச்சு. இரண்டு கேபின்களுக்கு நடுவே ஒரு மணிக் கம்பி. இந்தக் கேபின்காரர் ஒரு வண்டியை அனுப்ப வேண்டுமென்றால் முதலில் ஒரு மணி அடிப்பார்: இருக்கிறீர்களா? அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மணி: இருக்கிறேன். பிறகு வண்டிக்கு உரிய மணி. விரைவு வண்டி என்றால் நான்கு. அதன் பொருள்: அனுப்பட்டுமா? அந்தப் பக்கத்துக்காரர் அதே நான்கைத் திருப்பி அடித்தால், அனுப்பு. வழி காலியில்லை என்றால் அவர் 'முடியாது' என்று அடிக்க மாட்டார். முடியாது என்பதற்கு மணியே கிடையாது. சும்மா இருப்பார். அந்தச் சும்மாவை மதித்து வண்டியை நிறுத்தி வைக்க வேண்டியது இவர் கடமை. இத்வால் முப்பத்தோரு வருடம் அந்தச் சும்மாவை மதித்தவர். அதனால்தான் ஒரு வண்டிகூட மோதவில்லை.

எவ்வளவு நாசூக்காகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்தார். முத்திரையைப் புகழ்ந்தாள், ரொட்டி கொடுத்தாள். ஒரு மனிதனை இதைவிட மென்மையாக நிறுத்தி வைக்க முடியாது.

அன்று அபர்மாவில் இறங்கி, துறைமுகத்துச் சுவரில் உட்கார்ந்து, கடல்மேல் போகும் மரப்பாலத்தில் ரயில் வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. இரண்டு பெட்டி. தூரத்திலிருந்து பார்க்க அவருடைய வீட்டு ரயிலைவிடப் பெரிதாகத் தெரியவில்லை. மென்னா பழைய பொருள் விற்கும் தர்மக் கடை ஒன்றில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய ஸ்டாம்புகளைக் கண்டுபிடித்து, திரும்பும் வழியெல்லாம் மடியில் வைத்துக் கிளறிக்கொண்டே வந்தார். இத்வாலுக்கு அந்தக் கிளறும் சத்தம் பிடித்திருந்தது. உலர்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பிராணி நடப்பதுபோல. இன்னும் ஒரு வியாழக்கிழமைதான் இந்தச் சத்தம் என்று எண்ணிக்கொண்டார்.

*

இத்வாலின் ரயில் பின்பக்க அறையில் இருந்தது. இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, மூன்று சுவர்களையும் சுற்றி அது ஓடும். ஜன்னலோரம் ஒரு ஸ்டேஷன், கதவுக்குப் பின்னால் இன்னொரு ஸ்டேஷன். நடுவில் அவருடைய அம்மா காலத்துத் துணி அலமாரி. அதைக் கழற்றி வெளியே கொண்டுபோக வாசல் போதவில்லை. ஆகவே அலமாரியின் இரண்டு பக்கமும் துளை போட்டு அதையே மலையாக்கிவிட்டார். ரயில் ஒரு பக்கம் நுழைந்து, தொங்கும் கோட்டுகளுக்கு அடியில் இருட்டில் ஓடி, மறுபக்கம் வெளியே வரும். அலமாரி மேலே பஞ்சு மரங்கள், மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்ட புல், அரிசி அளவு ஆடுகள்.

இதனால் ஒரு வசதி ஏற்பட்டது. ஒரு ஸ்டேஷனில் நிற்பவருக்கு இன்னொரு ஸ்டேஷனில் நிற்பவர் கண்ணில் பட மாட்டார். உண்மையான கேபின்களைப் போலவே மணியடித்துத்தான் பேசிக்கொள்ள வேண்டும். மென்னா ஒரே மாதத்தில் மணிக் கணக்கு முழுவதையும் கற்றுக்கொண்டு, அலமாரிக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷனைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து, அதன் நிழல் தண்டவாளங்களின் மேல் நெளிந்தது. மேஜை ரயிலின் பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. இத்வால் குனிந்து, கண்ணைப் பலகையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படிப் பார்த்தால் அளவு மறைந்துவிடும். சின்ன வீடுகள் வீடுகளாகிவிடும். பிளாட்பாரத்தில் ஒட்டி வைத்திருந்த, பச்சைக் கோட்டு போட்ட விரற்கடை உயரப் பெண் யாருக்கோ காத்திருப்பாள்.

அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "என்ன இத்வால், ரெண்டு தடவ மணி அடிச்சுட்டேன். உங்க ஸ்டேஷன்ல ஆள் செத்துட்டாரா?"

"இருக்கேன், இருக்கேன்." ஒரு மணி அடித்தார்.

சரக்கு வண்டி ஒன்று போய் வந்தது. பிறகு மென்னா சொன்னார்: "ஓல்வென் தாளை அனுப்பிட்டா. கையெழுத்துதான் பாக்கி."

"இன்னும் போடலையா?"

"பேனா கெடைக்கல."

"வீட்டுல பேனாவே இல்லையா?"

"எட்டு இருக்கு."

கோட்டுகளுக்கு நடுவே அந்த வார்த்தைகள் வந்து சேர்ந்தன. இத்வால் லீவரில் கையை வைத்தபடி நின்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றது அலமாரி.

"நான் என்ன சொல்ல?"

"போன்னு சொல்லலாம். போகாதேன்னு சொல்லலாம். ரெண்டுக்கும் நடுவுல சொல்றதுக்கு எவ்வளவோ இருக்கு."

சொல்ல வேண்டியதையெல்லாம் மூன்று தாளில் எழுதிக் கொடுத்தாயிற்று, பதிலும் வந்தாயிற்று. இப்போது இவள் கேட்பது வேறு ஏதோ என்று நினைத்தார். போகிறவளுக்கு நல்லபடியாக ஒரு வார்த்தை வேண்டும். மனச் சங்கடம் இல்லாமல் போக வேண்டும். அந்த அளவுக்கு நான் செய்யக் கூடாதா?

"செஸ்டர் நல்ல ஊருதான்," என்றார். "ஸ்டேஷன் பெருசு. ஏழு பிளாட்பாரம்."

மழை மட்டும் பேசியது. பிறகு இரண்டு மணி அடித்தது: வண்டி புறப்பட்டுவிட்டது. பயணி வண்டி அலமாரிக்குள் நுழையும் சத்தமும், கோட்டுகளுக்கு அடியில் அது வரும் சத்தமும் கேட்டன. விளக்கெரியும் ஜன்னல்களோடு அது வெளியே வந்தபோது இத்வாலுக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

*

அடுத்த வியாழக்கிழமை மாதத்தின் கடைசி நாளுக்கு முந்திய நாள். டோல்கெத்லாயில் ஸ்டாம்பு சங்கக் கூட்டம். மென்னா ஆல்பத்தின் முதல் பக்கத்தைக் கழற்றி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்து வந்திருந்தார். பையில் இன்னொரு கவரும் இருந்தது, நீள வெள்ளைக் கவர்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றார் பஸ் கிளம்பியதும். "திரும்பி வரும்போது நம்ம போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல குடுத்துடலாம். அஞ்சரை வரைக்கும் இருக்கும்."

"பெட்டியில போட்டா இப்பவே போயிடுமே."

"அலைக் கோடு விழும்," என்றார் மென்னா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

சேப்பல் எனும் சிறு தேவாலயத்தின் பின்கூடத்தில் பதினான்கு பேர் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் கொண்டுவந்த பக்கங்களை மேஜையில் பரப்ப, மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். பார்க்கும்போது மூச்சு ஸ்டாம்பின் மேல் படக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். மென்னாவின் பக்கத்துக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம் நின்றது. தலைவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, "அம்மாடி," என்று மட்டும் சொன்னார். அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. பிறகு தேநீரும், வெண்ணெய் தடவிய 'பாரா பிரித்' பழ ரொட்டியும் வந்தன. இத்வால் மேஜைப் பக்கம் போகாமல் அடுப்போரம் உட்கார்ந்து இரண்டு துண்டு சாப்பிட்டார். அந்தக் கவரைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

நாலு மணிப் பஸ்ஸில் திரும்பினார்கள். அவர்களைத் தவிர பின்னால் இரண்டு பேர். வெளிச்சம் மஞ்சளாகி, மலைச்சரிவில் பெரணிகள் துருப்பிடித்த நிறத்தில் கிடந்தன. பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. வெகு தூரத்தில் ஒரு பெரிய கை கட்டுப்பாட்டுக் குமிழை மெல்லத் திருப்புவதுபோல வேகம் கூடியும் குறைந்தும் வந்தது. தூங்காமலேயே கனவு காணலாம் போலிருந்தது.

மென்னா அட்டையைப் பிரித்து, பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டார். கவரின் நான்கு மூலைகளும் பக்கத்தில் ஒட்டிய காகித மூலைகளுக்குள் செருகப்பட்டிருந்தன. பசை படாமல் கவரை நிறுத்தி வைக்கும் முறை அது.

"இத்வால், ஒரே ஒரு குறை சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உள்ள வைக்கிற அட்டை. எப்பவும் கஞ்சிமாவு டப்பாவ வெட்டித்தான வைப்பீங்க. முத்திரை குத்தும்போது அடியில கெட்டியா இருந்தாத்தான் வட்டம் சமமா விழும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். இந்தத் தடவ என்னத்த வச்சீங்க? மெத்து மெத்துன்னு இருக்கு. பாருங்க, நடுவுல வளையுது. மடிப்பு வேற தெரியுது. ஏதோ அதிர்ஷ்டம், முத்திரை தப்பிச்சுது."

இத்வால் கவரைப் பார்த்தார். பிறகு மென்னாவைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, மூலைகளிலிருந்து கவரை மெல்ல உருவித் திருப்பினார். அவர் நாக்கால் நனைத்து ஒட்டிய மடிப்பு, ஒட்டியபடியே இருந்தது. அதன் மேல் கீழ் ஸ்டேஷனின் முத்திரை, பாதி மடிப்பிலும் பாதி கவரிலுமாக.

"மென்னா, நீங்க இதப் பிரிக்கலையா?"

"பிரிக்கறதா?" கல்யாணக் கேக்கில் காலை வைக்கலாமா என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல மென்னா அவரைப் பார்த்தார். "கவரையா?"

"உள்ள அட்டை இல்ல."

"பின்ன என்ன?"

"கடுதாசி."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"யாருக்கு?"

"மேல உங்க பேருதான போட்டிருக்கு."

முன்னால் டெலித்தின் தோள் குலுங்கியது. அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மென்னா கவரை வாங்கி இரண்டு கைகளாலும் பிடித்தார். விரல் மடிப்பின் ஓரத்துக்குப் போய் நின்றது. கிழித்தால் முத்திரை இரண்டாகும். கத்தியால் மேல் ஓரத்தை அறுத்தால் அறுத்த கவர், எவரும் சீந்த மாட்டார்கள். ஆவி காட்டினால் ரப்பர் முத்திரையின் மை கரைந்து ஓடும். இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. இத்வாலுக்கு அந்த விரலைப் பார்த்தாலே தெரிந்தது. கிழித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தவருக்கும் நாக்கு எழவில்லை. அப்படி ஒரு முத்திரை.

"எட்டு நாளா இது என் ஆல்பத்துல இருக்கு," என்றார் மென்னா. "உள்ள என்ன எழுதியிருக்கீங்க?"

அப்போது பஸ் நின்றது. முன்னால் சாலை முழுவதும் ஆடுகள். மலையிலிருந்து கீழ் வயலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். டெலித் இன்ஜினை அணைத்தாள். குளம்புச் சத்தம் மழைபோல இரு பக்கமும் வழிந்தது.

"வாயால சொல்லுங்க," என்றார் மென்னா.

"பஸ்லயா?"

"பஸ்லதான இருக்கோம்."

இத்வால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "செஸ்டருக்குப் போகாதீங்க. எங்க வீட்டுக்கு வந்துடுங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தா எனக்குச் சந்தோஷம். அது வேண்டாம்னா, சும்மா வந்தாலும் சரி. அவ்வளவுதான். மூணு தாள்ல எழுதினேன், ஆனா விஷயம் இவ்வளவுதான்."

ஆடுகள் போய்க்கொண்டே இருந்தன. மென்னா ஒன்றும் சொல்லவில்லை. இத்வால் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"சரி. புரியுது."

"என்ன புரியுது? நான் இன்னும் வாயே தெறக்கல."

"அதான்."

"இத்வால், நான் யோசிக்கும்போது பேசாம இருப்பேன். எல்லாரும் அப்படித்தான். இது உங்க கேபின் இல்ல." கோபமா சிரிப்பா என்று குரலில் தெரியவில்லை. "செவ்வாக்கிழமை அலமாரிக்குப் பின்னால நின்னு வாய்விட்டுக் கேட்டேனே. ஏழு பிளாட்பாரம்னு சொன்னீங்க."

"நீங்க கடுதாசியப் படிச்சாச்சுன்னு நெனச்சேன்."

"படிச்சுட்டு, ஒரு வார்த்தையும் பேசாம, சீஸ் ரொட்டி குடுப்பேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

மென்னா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சத்தமில்லாமல் சிரித்தார். பின்சீட்டிலிருந்த கிழவர் ஒருவர், "அவரு தப்பா ஒண்ணும் கேக்கலயேம்மா," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

டெலித் திரும்பினாள். "ஆடெல்லாம் போயாச்சு கண்ணுங்களா. வண்டிய எடுக்கட்டுமா, இல்ல இன்னும் கொஞ்சம் ஆடு வரவழைக்கட்டுமா?"

"எடு, எடு," என்றார் மென்னா.

பஸ் கழிமுகத்தின் ஓரத்துக்கு வந்தது. இப்போது தண்ணீர் ஏறியிருந்தது. கரைக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை. ஜன்னலில் இரண்டு முகங்களும் அதன் மேல் மிதந்துகொண்டே வந்தன. வெகு நேரம் மென்னா பேசவில்லை. இத்வாலும் தொப்பியைத் தொடவில்லை.

"உங்க வீட்டுல வடக்கு பாத்த ஜன்னல் எந்த ரூம்ல?" என்று கேட்டார் மென்னா.

"மாடியில, முன் ரூம்ல. ஏன்?"

"ஸ்டாம்புக்கு வெயில் ஆகாது. சிவப்பெல்லாம் ஆரஞ்சாயிடும்." கொஞ்சம் யோசித்தார். "அந்த ரூம்ல ஈரம் உண்டா?"

"இல்ல. கணப்பு வச்சிருக்கேன். வேணும்னா சுவத்துக்குப் பலகை அடிச்சுத் தரேன். ஆல்பம் சுவத்துல படாம ரெண்டு அங்குலம் தள்ளி நிக்கற மாதிரி அலமாரி பண்ணலாம். பின்னால காத்து ஓடும்."

"மூணு அங்குலம்."

"மூணு அங்குலம்."

ஊர் வந்துவிட்டது. சேப்பல், மீன் கடை, சலவை நிலையம். போஸ்ட் ஆபீஸில் விளக்கு எரிந்தது. கவுண்டருக்குப் பின்னால் பெண்மணி முத்திரைக் கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது தெருவிலிருந்தே தெரிந்தது. நேரம் ஐந்து பத்து. நீள வெள்ளைக் கவர் மென்னாவின் பையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இத்வால் அதைப் பார்த்தார். இறங்க வேண்டுமானால் அழுத்தும் சிவப்புப் பொத்தான், மென்னாவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"போஸ்ட் ஆபீஸ்," என்றாள் டெலித், வேகத்தைக் குறைத்து. "யாராவது இறங்கணுமா?"

பின்சீட்டுக் கிழவர் இறங்கினார். கதவு சற்று நேரம் திறந்தே இருந்தது.

"ஓல்வென்கிட்ட ராத்திரி நானே போன்ல பேசிக்கறேன்," என்றார் மென்னா. "கத்துவா. கத்தட்டும்."

கதவு மூடிக்கொண்டது. பஸ் கிளம்பியது. அவர்கள் தெருவும் வந்தது, போனது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை, டெலித்தும் கேட்கவில்லை. கடைசி நிறுத்தம் மணல்மேடுகளுக்கு அப்பால், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே. அங்கே போய் பஸ் இருபது நிமிடம் நின்று திரும்பும்.

மென்னா கவரைப் பக்கத்தில் வைத்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகச் செருகினார். அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினார்.

"இத நான் பிரிக்க மாட்டேன்," என்றார். "என் உசிரு போற வரைக்கும்."

"தெரியும்."

"ஆனா மூணு தாள்ல நீ என்ன எழுதினன்னு எனக்குத் தெரியணும். மொதல்லேருந்து சொல்லு. ஒரு வரி விடக் கூடாது."

"மறந்திருந்தா?"

"அவ்வளவு சீக்கிரமா மறக்கும்?"

இத்வால் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊரின் கடைசி விளக்கும் பின்னால் போயிற்று. மணல்மேடுகளுக்கு நடுவே பஸ் தன் வெளிச்சத்தைத் தானே துரத்திக்கொண்டு ஓடியது.

"'அன்புள்ள மென்னா,'" என்று ஆரம்பித்தார். "'இந்தக் கடிதத்தை நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.'"

"ம்," என்றார் மென்னா, தலையைச் சாய்த்துக்கொண்டு. "மேல."